கடைசி ரீலை மாற்றி ஒட்டியது

சென்ற ஞாயிறு மதியம் டி.வி.யில் அந்தப் படத்தைப் போட்டார்கள். காலத்தை மிஞ்சிய படம், அன்று மக்களுக்குப் புரியாமல் தோற்றது என்று ஒருவர் விளக்கினார். எழுந்து போய் அணைத்துவிட்டேன். மக்களுக்கு நன்றாகவே புரிந்தது. அதுதான் தொல்லை.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் நான் ஆபரேட்டர். படத்தில் பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. புருஷனிடம் அடிபட்ட ஒருத்தி கடைசியில் கட்டின புடவையோடு வெளியேறித் தெருவில் நடக்கிறாள். அவ்வளவுதான் படம். வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்தில் மண்ணை வாரித் திரையில் அடித்தார்கள். பெண்கள் பக்கமும் ஏச்சுதான். என் அக்கா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

செம்பரம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா, முன்பல் உடைந்து எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. திரும்பிப் போ என்று அம்மா தினமும் நச்சரித்தாள். அக்கா படக்கதையைச் சொன்னபோது, சினிமாவில்கூட அப்படிக் காட்டமாட்டார்கள் என்றாளாம் அம்மா. ஞாயிற்றுக்கிழமை வந்து உன் கண்ணாலேயே பார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது.

சனிக்கிழமை காலை கொட்டகை முதலாளி கூப்பிட்டார். "போனவ போயினே கீறா. இன்னாடா படம் இது? திருப்பிக் கூட்டினு வந்து வுடு" என்றார். எங்கள் கொட்டகைக்கு இது புதிதில்லை. செத்த கதாநாயகனையே எழுப்பி ஒரு பாட்டுப் பாடவைத்து அனுப்பியிருக்கிறோம். இரண்டாம் ரீலில் அவள் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்குள் நுழைவாள், புருஷனைப் பார்த்துச் சிரிப்பாள். அதை வெட்டிக் கடைசி ரீலின் முடிவில் ஒட்டினேன். அன்று கைதட்டல். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

ஞாயிறு சாயங்காலம் கடைசி ரீலை மாட்டிவிட்டு ஆபரேட்டர் அறைத் துவாரம் வழியாகப் பார்த்தால் அக்கா, பக்கத்தில் அம்மா. ஒட்டு வரும் இடம் எனக்குத் தெரியும். லென்சைக் கையால் மறைத்திருந்தால் போதும், படத்தில் அவள் போனவள் போனவளாகவே இருந்திருப்பாள். முதலாளி வெற்றிலை மென்றபடி என் அருகில் நின்றார். நான் கையைத் தூக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். "பாத்த இல்ல, அவளே திரும்பி வந்துட்டா. உனக்கு மட்டும் இன்னாடி?" என்று அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். மாற்றியது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்று பயம். சாப்பாடு போடச் சொன்னேன்.

மறுநாள் காலை அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டது நான்தான். உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக, "வெள்ளிக்கெழம அவ போயிட்டாடா. நான் பாத்தேன்" என்றாள்.

போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடு என்றேன்.