அந்த ஆணியில் மாட்டிய கண்ணாடி

இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்கழி. ஓசூர் மத்திகிரியில் எங்கள் வாடகை வீடு. வெளியே கண் தெரியாத பனி. கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று பொட்டு வைக்கக் கண்ணாடி முன் நின்றேன். அதில் எனக்கு வாயே இல்லை. மூக்கோடு முகம் முடிந்திருந்தது.

குடிவந்த புதிதில் கழுத்து வரை காட்டிய கண்ணாடி அது. வீட்டுக்காரம்மா புது ஆணி அடிக்க விடமாட்டார் என்பதால், ஏற்கெனவே சுவரில் இருந்த ஒரே ஆணியில்தான் மாட்டியிருந்தோம். கணவரிடம் சொன்னால், “கண்ணாடி கால் மொளச்சு மேல ஏறுதாக்கும்?” என்று கிண்டல். ஆனால் விபூதித் தட்டு இருந்த பலகையும் எனக்கு எட்டவில்லை. சுடிதார் பேன்ட் தரையைக் கூட்டியது. முதுகுவலியை மட்டும் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. நாளெல்லாம் நின்று பார்க்கும் வேலை, வலிக்காமல் என்ன செய்யும்!

பொறுக்க முடியாமல் வீட்டுக்காரம்மாவிடம் அந்த ஆணியைப் பற்றிக் கேட்டேன்.

“அந்த ஆணியா? முன்னாடி தனியா குடியிருந்த அம்மா அடிச்சது மா. வந்தப்ப நல்லா நிமிந்துதான் நடந்துச்சு. போறப்ப தரையப் பாத்துக்கிட்டே போச்சு.”

எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. இந்த வீடு என்னையும் அமுக்குகிறது என்றே நம்பினேன். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினேன். வேறு வீடும் தேட ஆரம்பித்தேன்.

பொங்கலுக்கு, கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் வந்தாள். என் உயரமே இருந்தவள். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் முகவாய் என் நெற்றியில் இடித்தது. அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“அம்மா, நீ குள்ளமாயிட்ட மா.”

மறுவாரமே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா, மாதவிலக்கு நின்றபின் எலும்பு மெலிந்து, கீழே விழாமலே முதுகெலும்பு சில இடங்களில் நசுங்கியிருக்கிறது என்றார். அது நின்றபோது, ‘விட்டது தொல்லை’ என்று சந்தோஷப்பட்டவள் நான். மருந்தும் நடைப்பயிற்சியும் தொடங்கினேன். கனம் தூக்குவதை நிறுத்தினேன். எலுமிச்சம்பழத்தை நானே அவிழ்த்துப் போட்டேன்.

வீடு மாறவில்லை. கண்ணாடியை இறக்கி மாட்டவும் நான் விடவில்லை. இன்னும் குறைந்திருக்கிறேனா என்று தினமும் அதன் முன் நின்று பார்க்கிறேன். இதுவரை மூக்கு தெரிகிறது. ஆனால் அந்த ஆணியை அடித்த அம்மாவிடம், ‘நீ குள்ளமாயிட்ட’ என்று சொல்ல ஒருவர்கூட இல்லாமல் போனதை நினைத்தால்தான் இன்றும் எனக்குச் சில்லிடுகிறது.