குரங்குகளுக்குச் சிப்பி உடைத்துக் காட்டியது

முட்டாள்தனத்தில் எனக்கு நிகர் நான்தான் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலாக்காவின் கடலோரச் சேற்றில் குந்தி உட்கார்ந்து, கல்லால் ஒரு சிப்பியை உடைத்து, எதிரே மரக்கிளையில் இருந்த குரங்குகளிடம் "நல்லா பாத்துக்கோங்கடா, ஓரமா தட்டணும்" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். குரங்குகள் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டன. பள்ளிக்கூடத்தில் நான் கேட்டதைவிடக் கவனமாகவே கேட்டன.

மட்டி பொறுக்க வந்த ரப்பர் தோட்டத்து அக்கா ஒருத்தி நின்று பார்த்தாள். எனக்கு எங்கே வேலை என்பது அவளுக்குத் தெரியும்.

"என்னா தம்பி, வார்டுல ஆளு பத்தலயா? இங்க வந்து சேக்கிறியா?"

நான் மனநோய் வார்டில் நர்ஸ். ஆண் நர்ஸுக்கு எங்கள் பக்கம் தனிப் பெயர் கிடையாது. மீசை வைத்திருந்தும் எல்லோருக்கும் நான், பெண் நர்ஸ்களைக் கூப்பிடுகிற 'மிசி'தான். குருபோங்கில் வாடகை வீடு. கூட இருந்தவர்கள் கல்யாணம் முடித்துப் போய்விட்டார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போனால், வேலையைச் சொன்னதும் காப்பி வருவது நின்றுவிடும். ஷிப்ட் முடிந்து வந்தால் பேச ஆளில்லை. மேசை விசிறியிடம் பேசிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் இல்லை, இல்லை என்று தலையாட்டியது.

எனக்கு இருந்த ஒரே ஆள் வார்டில் ஒரு அண்ணன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஒரு நாள் பேச்சு நின்றதாம், வார்டுக்கு வந்து இரண்டு வருஷமாகியும் திரும்பவில்லை. தெங்கேராவில் இருந்த அவருடைய தங்கை மாதாமாதம் வந்து பார்ப்பாள்.

"பசிக்குது, வலிக்குதுன்னு கேக்கற அளவுக்கு வந்தாப் போதும் தம்பி, கூட்டிட்டுப் போயிருவேன். நான் ஃபேக்டரிக்குப் போறவ. வாயே தொறக்காத ஆள வூட்ல தனியா எப்படிலா விடறது?"

நியாயமான பேச்சு. அவரைப் பேச வைக்கத்தான் தினமும் கட்டிலருகே உட்கார்ந்து பேசுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பேச வேண்டியிருந்தது எனக்கு. பாதியில் எழுந்து போகாத காது அவருடையது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். வேறு சில கரைகளில் குரங்குகள் கல்லால் சிப்பி உடைத்துத் தின்னுமாம். நம் கரையில் செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னோடு உட்கார்ந்து பார்க்க ஆள் தேடினாள். "உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு இவன் பழகினவன்" என்று எங்கள் டாக்டர் என்னைக் கைகாட்டினார். முதல் வார்த்தையிலேயே அவள் "அண்ணே" என்று கூப்பிட்டு, நான் சட்டையை இஸ்திரி போட்டு வந்ததை வீணாக்கினாள்.

"சாப்பாடு போடக் கூடாதுண்ணே, எதையும் செஞ்சு காட்டக் கூடாது. பாத்தத மட்டும் எழுதுங்க. அது என்ன நெனச்சுதுன்னு எழுத வேணாம்."

வார்டிலும் இதே சட்டம்தான். 'வருத்தமாக இருந்தார்' என்று எழுதக் கூடாது. 'சோற்றைத் தொடவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் வார்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. பித்தான் போட மறந்தவருக்கு எதிரே உட்கார்ந்து நம் பித்தானைப் போட்டுக் காட்டுவோம். தலைவார மறந்தவருக்கு வாரிக் காட்டுவோம். பார்த்துப் பார்த்து அவர்களும் செய்வார்கள்.

மாதங்கள் போயின. ஒரு குரங்கும் கல்லைத் தொடவில்லை. சீக்கிரம் மூட்டை கட்டப்போவதாக அவள் சொன்னாள். அவள் போனால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். அடுத்த வாரம் அவள் வரத் தாமதமானது. பழக்க தோஷம், நான் கல்லும் சிப்பியுமாகச் சேற்றில் குந்திவிட்டேன்.

சில வாரம் கழித்து, காது கிழிந்த ஒரு பெண் குரங்கு நான் போட்டுவிட்டு வந்த கல்லை எடுத்துச் சிப்பியின் மேல் தட்டியது. கைதட்டப் போனவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். குரங்கு செய்தது உண்மை. வாத்தியார் யார் என்பதும் உண்மை. அவள் வந்ததும் இரண்டையும் சொன்னேன். கையிலிருந்த நோட்டை மூடினாள்.

"இந்தக் கூட்டத்த இனிமே ஆராய்ச்சிக்கு எடுத்துக்க முடியாதுண்ணே."

திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பேச்சாவது ஓடியிருக்கும். வேறு கரை தேடிப் போய்விட்டாள்.

மறுநாள் அண்ணனிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"பொட்டக் கொரங்குண்ணே. கல்லத் தூக்கி ஒரே போடு!"

அவர் திரும்பினார்.

"எந்தக் கையில?"

வெகுநாள் மூடிக் கிடந்த குழாயில் தண்ணீர் வருவதுபோல் குரல் விட்டு விட்டு வந்தது. நான் நினைவுபடுத்திக்கொள்ள என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"எடது... எடது கைண்ணே."

"ம்." எழுந்து உட்கார்ந்தார். "சோறு எப்ப வரும்?"

பேனாவை எடுத்தேன். எழுதினால் தங்கை வருவாள். அவர் போவார். 'குரங்கு எந்தக் கையில் கல்லை எடுத்தது என்று கேட்டார். சோறு கேட்டார்' என்று எழுதினேன். எழுதும்முன் பேனாவை இரண்டு தரம் மூடித் திறந்ததை எழுதவில்லை. நோயாளி நான் இல்லையே.

அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. டாக்டர்கள் பார்த்துத் திருப்தியான பிறகு, தங்கை டாக்சியோடும் புதுச் சட்டையோடும் வந்தாள். பித்தானை அவரே போட்டுக்கொண்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். வழியெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். டாக்சி கதவைச் சாத்தின பிறகும் அதன் பிடியை விட மனம் வரவில்லை.

"அண்ணே, ஞாயித்துக்கெழம எனக்கு ஒரு வேலையும் இல்ல. வூட்டுப் பக்கம் வரட்டுமா?"

"இதென்ன கேள்வி? வாங்கலா தம்பி," என்றாள் தங்கை.

அண்ணன் டாக்சியின் ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி என்னைப் பார்த்தார்.

"கொரங்குக் கதையா இருந்தா வராத."