கண்ணாடியோடு ஒட்டிய அப்பா

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை நெடி மூக்கிலேறியது. உடனே மனசுக்குள், இப்போது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டுவிட்ட பெரியப்பா வீட்டுக் கூடத்தில், விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளின் வெள்ளைத் தூசி படிந்த சுவரைப் பார்த்தபடி நின்றேன். செத்துப்போன அப்பாவின் ஒரே படம் அங்கேதான் மாட்டியிருந்தது. அதன் பின்னால் அந்துருண்டை செருகியதோடு பெரியப்பாவின் பராமரிப்பு முடிந்தது. மழைக்கு மழை சுவரில் ஓதம் ஏற, படம் கண்ணாடியோடு ஒட்டி, பூஞ்சை அப்பாவின் கழுத்துவரை வந்துவிட்டது. காப்பி எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று அம்மா கேட்கும்போதெல்லாம், பெரியப்பா டிவியிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்வார்: "என் தம்பி படம் என் வூட்லதான் இருக்கும்."

பூஞ்சை மோவாயைத் தொட்ட வருஷம் அம்மா கேட்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, படத்தைக் கழற்றி முந்தானையில் சுற்றினாள்.

"அதை எடுத்துட்டுப் போனா இந்த வாசப்படி மிதிக்காத!" பெரியப்பா கத்தினார்.

"மிதிக்கல மாமா. அவரு முகமாவது எனக்கு மிஞ்சட்டும்."

ஸ்டுடியோக்காரர் படத்தைப் பிரிக்காமல், கண்ணாடியோடு வைத்தே டிஜிட்டல் கேமராவில் எடுத்துக் கொடுத்தார். கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. முகம் முழுசாக வந்திருந்தது.

பெரியப்பா செத்தபோதும் நாங்கள் போகவில்லை.