“தண்ணி வந்துட்சா” குரூப்பின் அட்மின்

கஸ்தூரியக்கா இறந்துவிட்டார். நேற்று காலை, மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு.

எர்ணாவூர் பக்கம் ஹவுசிங் போர்டில் இட்லி மாவு விற்பவர் என்று சொன்னால் வெளியே யாருக்கும் தெரியாது. “தண்ணி வந்துட்சா” வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின் என்றால் எங்கள் ஆட்களுக்குப் போதும்.

நான் ஆபீஸில் இருந்தேன். குரூப்பில் மெசேஜ் சத்தம் கேட்டபோது, லாரி லேட்டாக வந்திருக்கும் என்று நினைத்துத் திறக்கவில்லை. மதியம் சாப்பிடும்போது பார்த்தால் அவர் போட்டோ... கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டு மறுபடி வேலை பார்த்தேன். என்ன வேலை என்று கேட்டால் தெரியாது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பிளாக்கில் குழாயில் தண்ணீர் வராது, லாரிதான். ஒரு கோடை முழுக்க அது பாதி லோடோடு வந்தது. கேட்டால், “அங்கியே அவ்ளோதான் ஊத்துறாங்க” என்பார் டிரைவர் ஏழுமலை.

மனு கொடுத்துப் பார்த்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் நாங்களும் எதற்குப் பேஜாரு என்று, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவோம்.

அக்காவால் அப்படிப் போக முடியவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் அரிசி ஊறாது. மாவு இல்லாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

குரூப் தொடங்கினார். எங்களைச் சேர்த்தது பெரிய விஷயமில்லை. லாரி வரும் வழியில் சாத்தாங்காட்டு டீக்கடை, அதைத் தாண்டி பஞ்சர் கடை, பூ விற்கிற அம்மா... எல்லோரையும் தேடிப்போய்ச் சேர்த்தார். “எங்க லாரி போனா ஒரு போட்டோ புட்ச்சி போடுங்க. வேற ஒண்ணியும் வாணாம்.”

சில நாளிலேயே பஞ்சர் கடையிலிருந்து வந்துவிட்டது. புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அபார்ட்மென்ட் வாசலில் எங்கள் லாரி. அதன் ஹோஸ் கேட்டுக்குள்ளே போயிருந்தது.

ஏழுமலையின் முகமும் தெளிவாக விழுந்திருந்தது. வெளியே அனுப்பும்முன் அக்கா அதை மட்டும் வெட்டிவிட்டார். “ஏன்க்கா, அவனும் கூட்டுதானே?” என்று எகிறினேன்.

“விக்கிறது லாரி காண்ட்ராக்டரு. இவன் சொன்ன எடத்துல நிறுத்துறான். இவன் பொழப்ப கெட்த்துட்டு நமக்கு இன்னாத்துக்கு நைனா தண்ணி?”

அந்த போட்டோ சுற்றிச் சுற்றி ஒரு சேனலுக்குப் போனது. மைக்கோடு ஒரு ரிப்போர்ட்டர் வந்தார். அக்கா வாயைத் திறந்ததுமே, “கொஞ்சம் நல்ல தமிழ்ல சொல்லுங்கம்மா, எல்லாருக்கும் புரியணும்” என்றார்.

“லாரிக்காரனுக்கே புரிஞ்சிட்சு சார். உனுக்குப் புரியலியா?”

பாவம், அந்த ரிப்போர்ட்டரும் சிரித்துவிட்டார். அப்படியே ஒளிபரப்பானது. கொஞ்ச நாள் அதுதான் என் ரிங்டோன்.

அடுத்த வாரம் காண்ட்ராக்டரின் ஆள் ஒருவர் வந்தார். பிளாட்பாரத்தில் இருக்கிற மாவுக்கடையைத் தூக்க வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அக்கா போட்ட வாய்ஸ் நோட் இன்னும் என் போனில் இருக்கிறது.

“காண்ட்ராக்டர் ஆளு வந்தாரு. கடய தூக்கிடுவேன்னாரு. நல்ல வெயிலு, மோர் குட்த்தேன். குட்ச்சிட்டு போய்ட்டாரு. நாளிக்கு கட கீதா இல்லியான்னு அல்லாரும் வந்து பாத்துக்கோங்க.”

மோர் கதைக்கு எல்லோரும் சிரிப்பு பொம்மை போட்டார்கள். நேற்று ராத்திரி மறுபடி கேட்டேன். கடைசியில் அக்காவின் குரல் நடுங்குகிறது.

மறுநாள் மொத்த பிளாக்கும் மாவு வாங்க வந்து நின்றது. இட்லி என்றாலே ஓடுகிற நானும் ஒரு பாக்கெட் வாங்கினேன். கடை அங்கேயே இருந்தது.

அதற்கப்புறம் லோடு முழுசாக வந்தது. காண்ட்ராக்டர் பயந்தாரா, மேலே யாராவது கேட்டார்களா... எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் அக்கா விடவில்லை. ஏழுமலையையும் குரூப்பில் சேர்த்தார். லாரி வந்ததும் அக்காவின் குரல் வரும். தண்ணீர் பிடித்த ஒவ்வொரு வீடும் “புட்சாச்சு” என்று போட வேண்டும். எல்லா வீடும் போடும்வரை லாரியை நகர விடமாட்டார்.

எங்கள் வீடுதான் கடைசி வீடு. ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் எனக்கு மறந்துவிடும். கீழேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்துவார். எரிச்சலாக இருக்கும்.

ஏழுமலை மட்டும் குரூப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரை நாங்களும் சீண்டியதில்லை.

நேற்று சாயங்காலம் எடுத்தார்கள். போனேன், நின்றேன், வந்தேன். அழுகை வரவில்லை... இன்னும் வரவில்லை.

இன்று காலை குடங்கள் வழக்கம்போல வரிசையில் இருந்தன. குரூப்பில் சத்தமே இல்லை. யார் போடுவது?

அப்போது ஒரு வாய்ஸ் நோட். ஏழுமலை.

“அக்கா... லாரி வந்துட்சு. ஃபுல் லோடு. வர்ற வயில எங்கியும் நிக்கலக்கா.”

அப்புறம் ஒரு “புட்சாச்சு”. இன்னொன்று. அப்படியே ஒவ்வொரு வீடாக வந்துகொண்டிருந்தது.

கீழே லாரி நகராமல் நின்றுகொண்டிருந்தது. கடைசி வீடு பாக்கி.

புட்சாச்சு அக்கா. போயிட்டு வாங்க.