கறையின் வயது தெரியாது என்றவர்

செங்கல்பட்டு நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக் காத்திருந்தபோது கைப்பேசி அடித்தது. எங்கள் தடய அறிவியல் ஆய்வகத்து உதவியாளர். "சார், புனிதவல்லி மேடம் காலையில தவறிட்டாங்க. திருக்கழுக்குன்றத்துல அவங்க வூட்லதான் வெச்சிகீறாங்க" என்றார். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூண்டில் ஏறி என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

ரத்தக் கறைகளை ஆராயும் பிரிவில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. சிடுசிடுப்பானவர்தான், இறந்துவிட்டார் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். காவல் அதிகாரி யாராவது கறையைக் காட்டி, "எத்தனை நாள் பழசு மேடம்?" என்று கேட்டுவிட்டால் போதும். "அறுத்த கத்தரிக்காய் கறுத்துப்போச்சு. எப்போ அறுத்ததுன்னு நீங்க சொல்லுங்க பார்க்கலாம்" என்பார். ரத்தம் சிவப்பிலிருந்து பழுப்பாக மாறுவது உண்மை. எவ்வளவு வேகமாக மாறும் என்பது வெயிலையும் ஈரத்தையும் பொறுத்தது.

நெம்மேலிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் இளைஞன் ஒருவன் குத்துப்பட்டுக் கரையில் செத்துக் கிடந்தான். அவனுடைய கூட்டாளியின் படகுப் பலகையில் அவன் ரத்தம் இருந்தது. அது பழைய கறை, போன மாதம் வலையை அறுக்கும்போது செத்தவன் கையை வெட்டிக்கொண்டான் என்றான் கூட்டாளி. பார்த்தவர் யாரும் இல்லை. ரத்தம் அன்று சிந்தியதா, முன்பே சிந்தியதா என்பதில்தான் வழக்கே நின்றது.

காவல் ஆய்வாளர் நேரிலேயே வந்தார். "புதுக் கறைன்னு ஒரு வரி எழுதுங்க மேடம், போதும். அவன்தான்னு ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா ஊரையே எழுதித் தரச் சொல்லுங்க."

ஆனால் மேடம் சும்மா இருந்துவிடவில்லை. அதே மாதிரிப் பலகை ஒன்றை வாங்கி இரண்டாக அறுத்தார். தம் ரத்தத்தையே எடுத்துச் சொட்டவிட்டு, ஒரு துண்டை ஆய்வகத்திலும் மற்றதை மாமல்லபுரத்தில் தங்கை வீட்டு மொட்டைமாடியிலும் வைத்தார். சில நாள் கழித்து இரண்டையும் என் மேசையில் போட்டு, "எது பழசு சார்?" என்றார். கடற்காற்றில் கிடந்த துண்டைக் காட்டினேன். ஒரு மாதமாவது இருக்கும் என்று வேறு சொல்லிவைத்தேன்.

"ரெண்டும் ஒரே நாள் ரத்தம். நீங்களே ஏமாந்தா ஜட்ஜ் என்ன பண்ணுவார்?"

'கறையின் வயதைக் கூற இயலாது' என்றே அறிக்கை கொடுத்தார். கூட்டாளி விடுதலையானான். நீதிமன்ற வாசலில் இளைஞனின் தாய் அஞ்சலை அவரை வழிமறித்தார்.

"எம் புள்ள ரத்தம்னு தெரியுது, எப்போ சிந்துச்சுன்னு மட்டும் தெரியலியா? இன்னாம்மா படிச்ச நீ?"

கூட்டாளிதான் குத்தினான் என்று நான் நம்பியதால் எனக்கும் மேடம்மேல் கோபம். பல நாள் பேசவில்லை.

நோய் முற்றி அவர் மருத்துவமனையில் இருந்தபோது கேட்டேவிட்டேன்: "உங்க மனசுக்கு என்னதான் தோணுச்சு?"

"வேணாம் சார். நான் சொன்னா நீங்க அதையே தீர்ப்புன்னு எடுத்துக்குவீங்க" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்தம்மா கேட்டது நியாயமான கேள்வி. இன்னும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார்.

திருக்கழுக்குன்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். மாலை வைத்துவிட்டுத் திரும்பினால் அஞ்சலை நிற்கிறார். யார் சொல்லி வந்தாரோ தெரியவில்லை.

"கடைசியிலயாவது எதனா சொன்னாங்களா சார்?"

"இல்லம்மா. நானும் கேட்டுப் பார்த்தேன்."

அஞ்சலை பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "கோர்ட்ல உட்டாங்களே, அவன் எங்க தெருவுலதான் கீறான் சார். தெனம் காலையில என்னிய பார்த்து, சாப்ட்டியாம்மான்னு கேக்குறான். நான் இன்னா சொல்றது?"

மேடம், உங்கள் அறிக்கை சரி என்று எந்தக் கூண்டிலும் ஏறிச் சொல்வேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை. போய் வாருங்கள்.