வளையம் திரும்பியது, தகடுகள் மூடவில்லை

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் முகப்பிலுள்ள அவர் படம் ஏன் இத்தனை மங்கல் என்று உறவினர்கள் கேட்கக்கூடும். அது அவர் வேலை பார்த்த பள்ளியின் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அண்மைக் காலத்துப் படம் வேறு இல்லை.

அண்ணன் சாந்தோமில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால், அம்மா பள்ளிச் சீருடைகள் தைத்து எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். அண்ணன் படித்து, அடையாறில் கணக்கு ஆசிரியரானார். பழைய கேமரா ஒன்றை வாங்கி, குடும்பத்து ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம் எல்லாவற்றையும் அவரே எடுத்தார். எடுத்தவர் என்பதால் எதிலும் அவர் இல்லை.

மெட்ராஸ் சென்னையான சமயத்தில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. "அட்மிட் ஆகறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணா ஒரு படம். இந்த வாட்டி நானும் நிப்பேன்" என்றார். அப்போது பார்த்து லென்ஸின் அப்பர்ச்சர் வளையம் இறுகிக்கொண்டது. வெளிச்சம் நுழையும் துளையைச் சிறிதாக்க அதைத்தான் திருப்ப வேண்டும்.

"கடையில குடுங்கன்னா கேக்கறீங்களா? சோறு ஆறிப்போய்க் கெடக்கு" என்று அண்ணி சலித்துக்கொண்டார்.

"மச்சான், ஆபரேஷன் உனக்கா, லென்ஸுக்கா?" என்றார் என் கணவர்.

"மொதல்ல இதுக்கு. இது பொழைச்சா நானும் பொழைச்சேன்னு வச்சுக்க."

அம்மா எண்ணெய்க் குப்பியை நீட்டினார்கள். "மெஷின் எண்ணெ ஒரு சொட்டு வுடுடா. இந்த வூட்ல அதுக்கு மசியாதது எதுனா இருக்குதா?"

கதவுக் கீல், சைக்கிள், மின்விசிறி எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அதுதான். அண்ணன் வளையத்தில் ஒரு சொட்டு விட்டார். மறுநாள் வளையம் எண்ணுக்கு எண் டிக் டிக்கென்று திரும்பியது. லென்ஸைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே துளையைச் சுற்றியிருந்த தகடுகள் மூடின, திறந்தன. சிறுபிள்ளை போலச் சிரித்தார்.

சில வாரங்கள் கழித்து, ஞாயிறு பூசை முடிந்து மொட்டைமாடியில் நின்றோம். டைமரை அழுத்திவிட்டு ஓடி வந்து அம்மாவின் தோளில் கைபோட்டார். அந்த வாரமே மருத்துவமனையில் சேர்ந்தார். அறுவைக்குப் பின் கண் விழிக்கவில்லை.

ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டபோது படம் முழுவதும் வெள்ளை. அண்ணன் நின்ற இடத்தில் தலைமுடியும் கறுப்பு பேன்ட்டும் மட்டும் தெரிந்தன. முகம் இல்லை. பிறகு கேமராவில் லென்ஸைப் பொருத்தி, பின்மூடியைத் திறந்து, பட்டனை அழுத்திப் பார்த்தேன். நொடியில் மூட வேண்டிய தகடுகள், வளையத்தில் விட்ட எண்ணெய் உள்ளே கசிந்ததால் ஒட்டிக்கொண்டு, அகலத் திறந்தபடியே நின்றன; அளவுக்கு மீறி நுழைந்த வெளிச்சம்தான் படத்தை வெளுத்திருக்கிறது. பலமுறை அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் அப்படியே.

இரத்தம் கொடுத்த மாணவர்கள், பங்குத்தந்தை, ஆசிரிய நண்பர்கள், கூடவே இருந்த அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு வேண்டுகோள். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. "படம் வந்துச்சாடி?" என்று இன்றும் கேட்கிறார்கள், கழுவக் கொடுத்திருப்பதாகச் சொல்லி வருகிறேன். வீட்டுக்கு வருபவர்கள் இந்த மலரை அவர்களுக்கு வாசித்துக் காட்டினால், படம் வெளுத்துப்போனதையும் எண்ணெய் வரும் இடத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.