காட்டோரத்துக் குடிபூரல்

எங்கள் குடும்பத்தில் சட்டம் படித்தவர் யாரும் இல்லை. அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டவர் என் சித்தப்பா. எசன் நகரில் ஒரு டயர்க் கடையில் வேலை செய்துகொண்டே, ஜெர்மனியின் சகல சட்டங்களுக்கும் அவர் விளக்கம் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டலாமா, பல்கனியில் மீன் பொரிக்கலாமா, பக்கத்து வீட்டு அப்பிள் மரம் எங்கள் பக்கம் சாய்ந்தால் பழம் யாருக்கு என்று எதைக் கேட்டாலும் பதில் ஆயத்தமாக இருக்கும். அந்தப் பதில் சரியா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. அவ்வளவு உறுதியாகச் சொல்வார்.

நான் நாலாம் வகுப்பு முடித்த கோடையில் அவர் ஒரு பழைய வான் வாங்கினார். ஒரு பேக்கரிக்காரர் பாண் ஏற்றி ஓடிய வாகனம். பின்பக்கம் பலகை அடித்து, மெத்தை போட்டு, யன்னலுக்குப் பூப்போட்ட துணி தொங்கவிட்டு, அதை ஒரு படுக்கையறையாக மாற்றினார். எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்கு அந்த வருடம் லீவு மிச்சமில்லை என்று தெரியவந்தது. ஆகவே முதல் பயணம் எங்களுக்குக் கிடைத்தது: அப்பா, அம்மா, நான், ஆறு வயதுத் தம்பி.

வானின் திறப்பைத் தருவதற்கு முன் சித்தப்பா எங்கள் நாலு பேரையும் இருத்தி வகுப்பு எடுத்தார். இந்த நாட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. காடு எல்லோருக்கும் நடந்து திரிவதற்குத்தான், படுப்பதற்கு இல்லை. ஆனால் வாகனத்தின் கதை வேறு. ஓட்டுகிறவருக்குக் களைப்பு வந்தால், தடைப் பலகை இல்லாத பொதுத் தரிப்பிடத்தில் நிறுத்தி, திரும்பவும் ஓட்டக்கூடிய நிலை வரும்வரை படுத்து எழும்பலாம். ஒரேயொரு இரவு. அதற்குள்ளும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு கதிரையை எடுத்து வெளியே போட்டீர்களோ, அது களைப்பு இல்லை, கேம்பிங். மேசை போட்டால் கேம்பிங். அடுப்பு மூட்டினால் கேம்பிங்கோடு சேர்த்து, காட்டுக்குக் கிட்ட நெருப்பு என்று இரண்டாவது குற்றம்.

“வானுக்கு வெளியால ஒரு கரண்டிகூட வரக்கூடாது, அண்ணி” என்றார் அம்மாவிடம். “ஆரும் கேட்டா, களைப்பு எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

மூன்று நாள் பயணத்துக்கும் அவரிடம் வழி இருந்தது. மூன்று இரவுக்கு மூன்று தரிப்பிடம். ஒவ்வொரு நாளும் புதுக் களைப்பு. இதைச் சொல்லிவிட்டு, தானே கண்டுபிடித்த மருந்தைக் கொடுத்தவர்போல எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் அன்ட்ராக் என்ற சொல் ஐந்தாவது ஆள்போலக் குடியிருந்தது. ஜெர்மன் குடியுரிமைக்கு அப்பா போட்ட விண்ணப்பம்தான் அது. போட்டு ஒரு வருடம் தாண்டியும் பதில் வரவில்லை. குற்றம் எதிலும் பெயர் இருக்கக்கூடாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து, வெறும் தெருவாக இருந்தாலும் சிவப்பு விளக்கில் நாங்கள் கால் வைப்பதில்லை. பேருந்தில் டிக்கெட் இருக்கிறதா என்று அப்பா ஏறும்போது ஒருதரம், இறங்கும்போது ஒருதரம் பார்ப்பார். சீருடை போட்ட யாரைக் கண்டாலும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தொடும். தபால்காரரைக் கண்டுகூடத் தொட்டிருக்கிறார், பாவம்.

இந்தச் சூழ்நிலையில் வளர்ந்த பிள்ளை எப்படி இருக்கும்? நான் பொல்லாத சட்டக்காரியாக இருந்தேன். சத்தம் போடக்கூடாத ஞாயிற்றுக்கிழமையில் போத்தல் தொட்டிக்குள் கண்ணாடிப் போத்தல் போட்ட பக்கத்து வீட்டுக் கிழவரை, வீட்டுச் சொந்தக்காரரிடம் காட்டிக்கொடுத்தவள் நான். அதிகாரியிடம் பொய் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லித் தந்ததை மற்றப் பிள்ளைகள் தேவாரம் பாடமாக்குவதுபோலப் பாடமாக்கி வைத்திருந்தேன். அப்படிப்பட்ட என்னையும் வானில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அதுதான் அவர்கள் செய்த முதல் பிழை.

அப்பா பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார். புறப்பட்ட அன்றும் விடியக்காலை வேலை முடித்து வந்து, முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, சாமான் ஏற்றினார். மத்தியானம் ஓட்டத் தொடங்கினார். யன்னலைத் திறந்துவிட்டு முகத்துக்குக் காற்றுப் பிடித்தார். அம்மா பக்கத்தில் இருந்து இஞ்சி மிட்டாய் ஒவ்வொன்றாக உரித்து அவர் வாயில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கும் ஒன்று கேட்டேன், தரவில்லை.

ஒன்றரை மணித்தியாலத்தில் சவர்லான்ட் மலைக்காட்டுப் பக்கம் ஒரு நீர்த்தேக்கத்துக்கு மேலே இருந்த தரிப்பிடத்துக்கு வந்து சேர்ந்தோம். நடைபயணம் போகிறவர்கள் காரை நிறுத்துகிற இடம். மூன்று பக்கமும் பீச் மரங்கள். அங்கே இருந்த பலகையை அப்பா இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னையும் வாசிக்கச் சொன்னார். இரவில் நிற்கக்கூடாது என்று எதுவும் இல்லை. கடைசிக் காரும் போன பிறகு அப்பா வானின் படியில் இருந்து மரங்களை அண்ணாந்து பார்த்தார். வடிவான இடம் என்றார்.

அப்போதுதான் அம்மா சாமான்களுக்கு அடியிலிருந்து ஒரு புதுச் சட்டியை எடுத்தார். ஒரு போத்தல் பால், காஸ் அடுப்பு, கற்பூரம், நாலு தேசிக்காய் என்று பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. சித்தப்பா கல்யாணம் கட்டாத மனிசன், இந்த வானுக்கு அவர் பால் காய்ச்சவே இல்லை என்று அம்மா கண்டுபிடித்திருந்தார். பிள்ளைகள் தலை வைத்துப் படுக்கப்போகிற இடத்தில் பால் பொங்காமல் படுப்பது எப்படி? ஒரு இரவு என்றாலும் புது இடத்துக்குக் குடிபூரல் குடிபூரல்தானே.

அப்பா மெல்லிய குரலில் அன்ட்ராக்கை ஞாபகப்படுத்தினார். அந்த அன்ட்ராக் சரிவரவும் சேர்த்துத்தான் காய்ச்சுகிறேன் என்றார் அம்மா. சரி, வானுக்குள்ளே காய்ச்சுங்கள் என்றார் அப்பா. பொங்கி வழிகிற பால் மெத்தையில் வழிந்தால் உங்கள் தம்பிக்கு நீங்களே பதில் சொல்லுங்கள் என்றார் அம்மா. இரண்டு வார்த்தை பேசினால் அம்மாவிடம் தோற்றுப்போவது அப்பாவுக்குப் பழக்கம். அடுப்பு வெளியே வந்தது. அடுப்பு வந்தால் பாய் வராதா? பாய் விரித்தாயிற்று. முதுகு நோகிறது என்று அம்மாவுக்கு ஒரு கதிரையும் வந்தது. தம்பி தன் பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். நான் மட்டும் வானுக்குள்ளேயே கால்களை மடக்கிக்கொண்டு, சித்தப்பாவின் சட்டம் ஒவ்வொன்றாக உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அம்மா கைகூப்பினார். அந்த நேரம் பார்த்து ஒரு பச்சை ஜீப் தரிப்பிடத்துக்குள் திரும்பியது.

இறங்கியவர் வன அதிகாரி. நரைத்த தாடி, பச்சைச் சட்டை, பின்னால் ஒரு பழுப்பு நாய். வெயில் இன்னும் மரங்களுக்கு மேலே இருந்ததால் ஒளிக்க ஒன்றும் முடியவில்லை. அவர் பாயைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், வானின் நாலு சில்லுகளுக்கு அடியிலும் அம்மா வைத்திருந்த தேசிக்காய்களை நிறைய நேரம் பார்த்தார். அப்பா எழும்பிச் சட்டையை இழுத்துவிட்டார். கை பைக்குப் போனது. அம்மா அடுப்பை நிற்பாட்டினார்.

இங்கே என்ன நடக்கிறது என்று அவர் அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்கு வேலைத்தலத்து ஜெர்மன் நன்றாக வரும், சீருடைக்கு முன்னால் அதில் பாதி ஓடிவிடும். களைப்பு என்றார். ஓட்டுவதற்குக் களைப்பு என்றார். வன அதிகாரி எங்கள் வானின் இலக்கத் தகட்டைப் பார்த்தார். எசனிலிருந்து இங்கே வருவதற்கிடையிலா களைத்துப்போனீர்கள் என்று கேட்டார். அப்பா திரும்பவும் சட்டைப் பையைத் தொட்டார்.

பதில் என்னிடம் இருந்தது. வானிலிருந்து குதித்துப் போய் அவருக்கு முன்னால் நின்றேன். நாங்கள் விடுமுறைக்கு வந்திருக்கிறோம் என்றேன். மூன்று நாள், மூன்று இடம். யாராவது கேட்டால் களைப்பு என்று சொல்லும்படி சொல்லித் தந்தது சித்தப்பா. இப்படி ஒன்றும் விடாமல், சுத்தமான ஜெர்மனில் ஒப்புவித்தேன். பாலைப் பற்றியும் சொன்னேன், அது அவருக்கு விளங்கவில்லை. அம்மா என் தோளைப் பிடித்துக் கிள்ளினார். உண்மை பேசியதற்குக் கிள்ளு வாங்குவது எனக்குப் பெருமையாக இருந்தது.

வன அதிகாரி ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். அப்பாவின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. அந்தக் கொப்பியில் எங்கள் பெயர் ஏறினால் அது நேரே குடியுரிமை அலுவலகத்துக்குப் போகும், அன்ட்ராக்கை யாரோ இழுத்துக் குப்பையில் போடுவார்கள் என்று அவர் நம்பினார். ஒரு காஸ் அடுப்புக்காகக் குடியுரிமை போகாது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். நகரசபையில் அப்படியான தாள்களைத்தான் இப்போது நானும் பார்க்கிறேன். அடுத்த வருடம் அப்பாவுக்கு அது கிடைக்கவும் செய்தது. ஆனால் அந்தத் தரிப்பிடத்தில் அன்று யாருக்கும் அது தெரியாது.

வன அதிகாரி எழுதவில்லை. அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, எனக்கு நேரே குந்தி இருந்து கேட்டார்: “அப்படியென்றால் உன் அப்பாவுக்குக் களைப்பு இல்லையா?”

நான் யோசித்தேன். இதிலும் பொய் சொல்லக்கூடாதே.

“இருக்கிறது” என்றேன். “ஆனால் அது எப்போதும் இருக்கிறது. இரவில் பாண் தொழிற்சாலை. விடிய வந்து எங்களைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். பின்னேரம் ஒரு அலுவலகம் துடைக்கப் போவார். இன்றைக்கும் படுக்கவில்லை. அது இந்தக் காட்டுக்கு வரும்போது வந்த களைப்பு இல்லை.”

ஆகவே அது சட்டத்தின் கணக்கில் சேராது என்றுதான் நான் வாதாடினேன். கெட்டிக்காரத்தனமான வாதம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானின் கதவைப் பிடித்தபடி நின்றார். அம்மாவின் கை என் தோளில் இருந்தது, கிள்ளவில்லை.

வன அதிகாரி எழும்பிக் கொப்பியை மூடினார். அடுப்பும் கதிரையும் பாயும் இப்போதே உள்ளே போகவேண்டும் என்றார். இனி இந்தக் காட்டில் ஒரு தீக்குச்சிகூட உரசக்கூடாது என்று கடுமையாகச் சொன்னார். பிறகு அப்பாவுக்குக் கிட்டப் போனார்.

“நீங்கள் இந்த நிலையில் வண்டி ஓட்டக்கூடாது” என்றார். “சட்டம் அப்படி. படுங்கள்.”

எழுதவில்லையா என்று நான் விடாமல் கேட்டேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்றார். இவருக்குத் தன் வேலை சரியாகத் தெரியாது என்று முடிவு கட்டினேன். போகும்போது நாய் மட்டும் சிந்திய பாலை ஒரு நக்கு நக்கிவிட்டுப் போனது.

சாமான்களை உள்ளே எடுத்தோம். அப்பா மெத்தையில் சரிந்தார். சப்பாத்தையும் கழற்றவில்லை, அம்மாதான் கழற்றினார். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். தம்பி தண்ணீரில் விளையாடப் போகவேண்டும் என்று அழுதான். நானும் மான் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். அம்மா வாயில் விரலை வைத்து எங்களை அடக்கினார்.

விடிந்தது. எட்டு மணி ஆனது, பத்து ஆனது. முதல் நடைபயணக்காரர்கள் வந்து கார்க் கதவுகளை அடித்துச் சாத்தினார்கள். அப்பா அசையவில்லை. வாய் கொஞ்சம் திறந்து மெல்லிய குறட்டை வந்தது, ஒரு கை மெத்தையிலிருந்து தொங்கியது. அவர் இப்படிப் படுத்ததை நான் முன்பு கண்டதே இல்லை. வீட்டில் நாங்கள் கதவைத் திறந்தாலே எழும்பிவிடுவார். அம்மா அவர் காலடியில் இருந்து, ஒரு துவாயால் ஈ கலைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வன அதிகாரி திரும்பி வந்து சோதித்துப் பார்ப்பார், அதனால்தான் அப்பா இப்படிக் கிடக்கிறார். நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் யன்னல் துணியின் ஓரத்தை விலக்கி, பச்சை ஜீப் வருகிறதா என்று காவல் இருந்தேன். அவன் எப்போது அப்பா எழும்புவார் என்று கேட்டான். சத்தம் போடாதே, அப்பா நடிக்கிறார் என்று அவன் காதுக்குள் சொன்னேன். பொய் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் எங்களுக்காக இவ்வளவு நேரம், ஒருதரம்கூடப் புரண்டு படுக்காமல், இவ்வளவு வடிவாக நடிக்கிற அப்பாவை நான் அன்றைக்கு மன்னித்துவிட்டேன்.